பழுதான புதுக் காரும் வாங்கியவர் உரிமையும்

புதிதாக வாங்கிய கார் மீண்டும் மீண்டும் பழுதானால், வேறு கார் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ தயாரிப்பாளரைக் கட்டாயப்படுத்துவது லெமன் சட்டம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1982இல் இதைக் கொண்டுவந்தது. ஒரே கோளாறை நான்கு முறை பழுதுபார்த்தும் தீரவில்லை, அல்லது வண்டி மொத்தம் 30 நாள் பணிமனையில் முடங்கியது என்றால், உற்பத்தியாளருக்குப் போதிய வாய்ப்புக் கொடுத்தாகிவிட்டது என்று அச்சட்டம் கொள்கிறது. சிங்கப்பூரிலோ 2012 செப்டம்பர் முதல், வாங்கிய ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை கைக்கு வந்தபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்டுவது விற்றவர் பாடு. இந்தியாவில் இத்தகைய தனிச் சட்டம் இல்லை. நாகர்கோவிலின் கோட்டாற்றில் கார் வாங்குபவருக்குத் துணை, எல்லாப் பொருளுக்கும் பொதுவான நுகர்வோர் சட்டமே. அதில் உரிமைக்குக் குறைவில்லை. நிரூபிக்கும் சுமைதான் தவறான தோளில் ஏறியிருக்கிறது.

1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மாவட்டந்தோறும் குறைதீர் மன்றம் தந்தது. ஆனால் உற்பத்திக் குறை உண்டென்று நிறுவ வல்லுநர் அறிக்கை வேண்டியிருந்தது. 2006இல் மாருதி வழக்கொன்றில், உத்தரவாதம் பழுதான பாகத்தை மாற்றித் தரச் சொல்லும்போது முழு வண்டியையும் மாற்றக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த உத்தரவாதத் தாளை எழுதுவதே தயாரிப்பாளர் என்பதால் இது வாங்கியவருக்குப் பெரிய அடி. 2020 ஜூலை 20இல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம், உற்பத்தியாளரின் பொருள் பொறுப்பை எழுத்தில் வைத்தது. கார் எந்த ஊரில் வாங்கியதானாலும், கோட்டாற்றுக்காரர் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கேயே இடமுண்டு. 5 லட்சம் வரை கட்டணமில்லை. இவையெல்லாம் வாசலைத் திறந்தன, சுமையை இறக்கவில்லை.

சுமையை மாற்றினால், ஆயில் மாற்றாமல் ஓட்டி எஞ்சினைக் கெடுத்தவரும் புதுக் கார் கேட்பார் என்பது விற்போரின் எதிர்வாதம். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் வண்டியின் கணினியில் பதிவான கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் கருவியும் சர்வீஸ் பதிவேடும் அவர்களிடம்தானே இருக்கின்றன? தவறான பராமரிப்பை அவர்கள் எளிதில் காட்டலாம். கியர்பெட்டியின் உள்குறையை வாங்கியவர் எப்படிக் காட்டுவார்? 2021 முதல் வண்டிகளைத் திரும்பப் பெறும் விதிகள் உள்ளனவே என்பார்கள். அவை ஒரே மாடலில் பல வண்டிகளில் தெரியும் பாதுகாப்புக் குறைக்கானவை. தனி ஒருவரின் காருக்கு உதவா. விபத்தில் ஏர்பேக் விரியாத வழக்கில், குறை தன்னைத்தானே காட்டுகிறது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் ஏற்றதும், வண்டியை மாற்றித் தரும் உத்தரவை உறுதிசெய்ததும் நல்ல தொடக்கம். அந்த நியாயம் சட்டமாக வேண்டும்.

அதுவரை வாங்கியவருக்குக் கைகொடுப்பது, வண்டியின் கோளாறைப் பணிமனை குறித்துக்கொள்ளும் ஜாப் கார்டு. ஒவ்வொரு முறை வண்டியை விடும்போதும் கோளாறை உங்கள் சொல்லிலேயே அதில் எழுதச் சொல்லுங்கள். ‘பொது செக்கப்’ என்று எழுதினால் கையெழுத்திடாதீர்கள், நகலின்றித் திரும்பாதீர்கள். வழக்குக்குக் காலவரம்பு இரண்டு ஆண்டு.