டால்பின் மாதிரி இருக்கும், ஆனா டால்பின் இல்லை: இக்தியோசர் படத்தை எப்படி வரைகிறார்கள்?

கூர்மையான நீண்ட மூக்கு, வழுவழுப்பான உடம்பு, முதுகில் ஒரு துடுப்பு. இக்தியோசர் படத்தை முதல்முறை பார்க்கிறவங்க டால்பின் என்றுதான் சொல்வார்கள். ஆனால் இது ஊர்வன இனம். சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தோன்றி, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அழிந்துபோன கடல்வாழ் உயிரினம். டைனோசர் காலத்தில் வாழ்ந்தது, ஆனால் டைனோசரும் இல்லை.

மனிதர் யாரும் உயிரோடு பார்க்காத ஒரு விலங்கின் வால் இப்படித்தான், தோல் இந்த நிறம்தான் என்று எப்படி வரைகிறார்கள்? கொஞ்சம் ஆதாரம், கொஞ்சம் ஊகம். எது ஆதாரம், எது ஊகம் என்பதுதான் விஷயமே.

முதல் படங்கள் ஏன் தப்பாச்சு?

இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் 1811-ல் ஜோசப் ஆனிங் என்ற சிறுவன் ஒரு பெரிய மண்டை ஓட்டைக் கண்டுபிடித்தான். அடுத்த ஆண்டு மீதி உடலைத் தேடிக் கண்டுபிடித்தது அவனுடைய தங்கை மேரி ஆனிங். அப்போது அவருக்கு 12 வயதுதான். 1817-ல் அந்த விலங்குக்கு 'மீன்-பல்லி' என்று பொருள் தரும் இக்தியோசர் என்ற பெயர் வந்தது.

1830-ல் ஹென்றி டி லா பெச் என்ற புவியியலாளர், மேரி கண்டெடுத்த எலும்புகளை வைத்து ஒரு பழங்காலக் கடல் காட்சியை வரைந்தார். அதில் ஒரு இக்தியோசர், நீண்ட கழுத்துள்ள இன்னொரு கடல் ஊர்வனத்தின் கழுத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். அந்த ஓவியத்தின் பிரதிகளை விற்ற பணம், வறுமையில் இருந்த மேரிக்கே போனது. படம் புகழ்பெற்றது. ஆனால் அதில் இன்று நாம் பார்க்கும் பிறை வடிவ வால் இல்லை.

1854-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் வைத்த சிலைகளிலும் அதே கதைதான். அங்கே இக்தியோசர் கரையோரமாக ஒதுங்கிக் கிடக்கிறது. கண்ணுக்குள் இருக்க வேண்டிய எலும்பு வளையம் வெளியே தெரிகிறது. சிற்பியைக் குறை சொல்ல முடியாது. அன்று கையில் இருந்தது எலும்பு மட்டும்தானே!

வாலில் ஒளிந்திருந்த துப்பு

பல எலும்புக்கூடுகளில் வால் எலும்பு ஒரே இடத்தில் கீழ்நோக்கி மடங்கியிருந்தது. ஒன்றிரண்டில் இருந்தால் உடைந்தது என்று விட்டுவிடலாம். எல்லாவற்றிலும் அதே இடம் என்றால்? அங்கே ஏதோ ஒரு துடுப்பு இருந்திருக்கணும் என்று 1838-லேயே ரிச்சர்ட் ஓவன் ஊகித்தார்.

விடை 1890-களில் ஜெர்மனியின் ஹோல்ஸ்மாடனில் கிடைத்தது. அங்குள்ள கரும்பாறையில் எலும்பைச் சுற்றி உடலின் வெளிக்கோடும் கரிய படலமாகப் பதிந்திருந்தது. முதுகுத் துடுப்பும், பிறை நிலா போன்ற வாலும் அதில் தெரிந்தன. முதுகுத் துடுப்புக்குள்ளும் வாலின் மேல்பாதிக்குள்ளும் எலும்பு கிடையாது. முதுகெலும்பு வாலின் கீழ்ப்பாதிக்குள் இறங்கியது. சுறாவில் இது நேர் எதிர், மேல்பாதிக்குள் ஏறும்.

இணையத்தில் வரும் படம் சரியா தப்பா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இதுதான். டால்பின் வால் படுக்கைவாட்டில் இருக்கும், மேலும் கீழும் அசையும். இக்தியோசர் வால் மீன் வால் மாதிரி செங்குத்தாக நிற்கும், பக்கவாட்டில் அசையும். வால் படுத்திருந்தால் வரைந்தவர் டால்பினைப் பார்த்து வரைந்திருக்கிறார் என்று அர்த்தம்.

சரி, நிறம் எப்படி தெரியும்?

ஹோல்ஸ்மாடனில் கிடைத்த, சுமார் 18 கோடி ஆண்டு பழமையான ஸ்டெனோப்டெரிஜியஸ் என்ற இக்தியோசரின் தோலை ஆய்வு செய்த முடிவுகள் 2018-ல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தன. முதுகுப் பக்கத் தோலில் நிறமி செல்கள் இருந்தன, வயிற்றுப் பக்கத்தில் இல்லை. அப்படின்னா மேலே கருமை, கீழே வெளிர். மார்க்கெட்டில் சூரை மீனைப் பார்த்திருப்பீங்களே, அதே ஏற்பாடு. மேலிருந்து பார்த்தால் ஆழ்கடலின் இருட்டோடும், கீழிருந்து பார்த்தால் வானத்தின் வெளிச்சத்தோடும் கலந்துவிடும்.

அதே ஆய்வில் தோலுக்கு அடியில் திமிங்கிலத்துக்கு இருப்பது போன்ற கொழுப்பு அடுக்கும் தெரிந்தது. செதில் இல்லை. அதனால் முதலை மாதிரி சொரசொரப்பாக வரைந்தால் அது தப்பு. குட்டி போடுவது போல வரைந்தால் சரி. வயிற்றுக்குள் குட்டிகளோடு புதைபடிவங்களே கிடைத்திருக்கின்றன. ஆனால் உடம்பில் புள்ளி, கோடு எல்லாம் வரைந்திருந்தால் அது பெரும்பாலும் ஓவியரின் கற்பனை.

இந்தியாவிலும் இருந்ததா?

இருந்தது. திருச்சி வட்டாரப் பாறைகளில் கிடைத்த சில முதுகெலும்புகளை வைத்து 1879-லேயே ரிச்சர்ட் லைடெக்கர் ஒரு இக்தியோசர் இனத்துக்குப் பெயர் வைத்தார். குஜராத்தின் கட்ச் பகுதியில் கிடைத்த, சுமார் 5.5 மீட்டர் நீள எலும்புக்கூடு பற்றி 2017-ல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. திருச்சி விலங்கை முழுசா வரையணும்னா முதுகெலும்பு போக மற்றதையெல்லாம் வெளிநாட்டு உறவினங்களிடம் கடன் வாங்கித்தான் ஆகணும்.

நன்றாகத் தெரிந்த இனங்களின் படமும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. டெம்னோடோன்டோசரஸ் ஒரு ராட்சத இக்தியோசர், அதன் கண் மட்டும் 25 செ.மீ. விட்டத்துக்கு மேல். ஜெர்மனியில் கிடைத்த இதன் முன்துடுப்பில் மென்திசுக்களும் பதிந்திருந்தன. ஒரு மீட்டர் நீளமுள்ள அந்தத் துடுப்பின் பின்விளிம்பு ரம்பம் போல இருந்ததாக 2025-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. இரைக்குச் சத்தம் கேட்காமல் நெருங்க அது உதவியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. இதற்கு முன் வரைந்த டெம்னோடோன்டோசரஸ் படங்களில் அந்த விளிம்பு வழுவழுப்பாகவே இருக்கும்.