கர்சஸ்
என்கர்சஸ் நிரலகத்தை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்வதை விளக்கிய ஒரு குறிப்பில் ‘சாபங்கள் நூலகம்’ என்றிருந்தது. மொழிபெயர்த்தவரை மட்டும் குறை சொல்ல முடியாது, பெயரே சிலேடை. டெர்மினல் திரையில் கர்சரைக் குறைந்த அசைவில் நகர்த்த, பெர்க்லியில் கென் ஆர்னால்டு எழுதியது கர்சஸ்; முன்னால் உள்ள ‘என்’, புதியது என்பதற்கு. கர்சர் என்றால் லத்தீனில் ஓடுகிறவன். சாபத்தைக் குறிக்கும் ஆங்கிலக் கர்ஸோடு அதற்கு உறவு உண்டா என்பது உறுதியில்லை; கரன்ட், கரன்சி, கூரியர் இவைதான் பங்காளிகள். கணினி வருமுன், ஸ்லைடு ரூலில் மயிரிழைக் கோட்டோடு நகரும் கண்ணாடித் துண்டுக்குத்தான் கர்சர் என்று பெயர். ஓடியவன் நகர்கிறவனானான்; இப்போது நின்ற இடத்தில் கண் சிமிட்டுகிறான். கர்சரைத் தமிழில் ‘சுட்டி’ என்கிறார்கள். அது மவுஸுக்கும் போய்விட்டதால் குழப்பம். எனக்கு ‘இடங்காட்டி’ பிடிக்கும். அடுத்த எழுத்து விழும் இடத்தைத்தானே காட்டுகிறது? நிரலகத்தின் பெயரைக் கர்சஸ் என்றே விட்டுவிடலாம். ஆனால் கான்ஃபிகர் செய்யும்போது ‘எனேபிள்-வைட்சி’ என்ற தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் கட்டினால், யூடிஎஃப்-8இல் 3 பைட் பிடிக்கும் நம் ‘க’ துண்டு துண்டாகச் சிதறும். இடங்காட்டியும் தப்பான கட்டத்தில் போய் நிற்கும்.