வளையத் தெரிந்த குழாய்

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் போகும்போது நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் வாக்கியங்களில் ஒன்று, சுவரில் இருந்த 'மூலம், பௌத்திரம் ஆபரேஷன் இல்லாமல் குணம்'. "பௌத்திரம்னா என்னப்பா?" என்று சத்தமாகக் கேட்டு அப்பாவிடம் முறைப்பு வாங்கியது ஞாபகம் இருக்கிறது. முப்பது வருஷம் கழித்து அதே அப்பா, மலத்தில் ரத்தம் போவதை அம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லாமல் இரண்டு வருஷம் வைத்திருந்தார். தெரியவந்து நான் கேட்டபோதும், "மூலச் சூடுப்பா, வேற ஒண்ணுமில்ல" என்றார். துத்திக்கீரை, ஊறவைத்த வெந்தயம் எல்லாம் முறையாக நடந்திருக்கிறது. கடைசியில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்து, ரத்தப் பரிசோதனையில் ரத்தசோகை என்று வந்த பிறகுதான் டாக்டர் கொலனோஸ்கோபி எழுதிக் கொடுத்தார்.

அப்பா கேட்ட ஒரே கேள்வி இதுதான்: "உள்ள என்ன நேராவா இருக்கு? வளைஞ்சு வளைஞ்சுல்ல கெடக்கும். கொழாய் எப்பிடிப் போகும்?"

நூற்றைம்பது வருஷம் மருத்துவர்களைத் தடுத்து நிறுத்தியிருந்த கேள்வி இது என்று அன்று ராத்திரி தேடிப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆசனவாய்க்குள் குழல் வைத்துப் பார்ப்பது பழைய விஷயம். சுஸ்ருத சம்ஹிதையில் மூலத்தைப் பார்க்கவென்றே ஒரு யந்திரம் உண்டு. சிக்கல், அதற்கு மேலே போவதில்தான். 1806இல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவர் ஃபிலிப் போட்சினி, மெழுகுவர்த்தியும் கண்ணாடியும் வைத்து உடம்புக்குள் வெளிச்சம் அனுப்பும் கருவியைச் செய்தார். வியன்னா மருத்துவப் பேராசிரியர்கள் அதை ஏற்கவில்லை. 1868இல் அடால்ஃப் குஸ்மால் 47 செ.மீ. நீளமுள்ள நேர்க்குழாயை வயிறு வரை இறக்கினார். அதை விழுங்கக்கூடிய ஆள் யார்? கத்தி விழுங்கும் வித்தைக்காரர்! அவருக்குத்தான் தொண்டையை நேராக்கத் தெரியும்.

பெருங்குடலை நேராக்கும் வித்தைக்காரர் யாரும் இல்லை. சுமார் ஒன்றரை மீட்டர் குடலில், எஃகுக் குழாயால் எட்ட முடிந்தது முதல் 25 செ.மீ.தான். மிச்சத்துக்கு பேரியம் எக்ஸ்ரே. அதில் சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் வயிற்றைக் கிழித்துத்தான் பார்க்க வேண்டும்.

குழாய் வளைய வேண்டுமானால் முதலில் வெளிச்சம் வளைய வேண்டும். அதைச் செய்து காட்டியவர்களில் ஒருவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. 1954 ஜனவரியில் லண்டனில் அவரும் அவருடைய ஆசிரியர் ஹெரால்ட் ஹாப்கின்ஸும், மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டி ஒரு படத்தை வளைவு வழியாகக் கடத்தியதை 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டதும் அதே 1954இல்தான். ஒரு சம்பந்தமும் கிடையாது, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

முழு அக எதிரொளிப்பு. பொறியியல் முதல் வருஷத்தில் 16 மார்க் கேள்வி. நியூமெரிக்கல் அப்பர்ச்சர் டெரிவேஷனை மனப்பாடம் செய்து கக்கிய எவனுக்கும், இது ஒருநாள் தன் அப்பாவின் குடலுக்குள் போகப் போகிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. இன்டர்நெட்டுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் உடம்புதான் முந்தியது.

கபானியின் கட்டில் ஒரு குறை இருந்தது. இழைகள் ஒன்றையொன்று தொட்ட இடத்தில் வெளிச்சம் கசிந்தது. இழைக்கு உறை போட வேண்டும் என்பதை நெதர்லாந்தின் வான் ஹீல் அதே 'நேச்சர்' இதழில் எழுதியிருந்தார். கண்ணாடிக்குக் கண்ணாடியாலேயே உறை போட்டு 1956 டிசம்பரில் இழுத்துக் காட்டியவர் லாரி கர்ட்டிஸ். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அப்போது இளங்கலை மாணவர். அந்த இழைகளால் செய்த கருவியை 1957 பிப்ரவரியில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் முதலில் தன் தொண்டைக்குள்தான் விட்டுக்கொண்டார்.

கீழ்வழிக்கு இன்னும் பன்னிரண்டு வருஷம் ஆனது. 1969இல் நியூயார்க்கில் வில்லியம் உல்ஃப், ஹிரோமி ஷின்யா இருவரும் பெருங்குடல் முழுக்கப் போய்ப் பார்த்ததோடு நிற்கவில்லை. கருவிக்குள்ளேயே ஒரு கம்பிச் சுருக்கை அனுப்பி, பாலிப் என்கிற சதைமொட்டின் கழுத்தில் மாட்டி, மின்சாரத்தால் சுட்டு அறுத்து எடுத்தார்கள். என்னைக் கேட்டால் இந்த வரலாற்றின் நடுமுள் இந்தக் கம்பிதான். பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பாலானவை பாலிப்பாகத் தொடங்கி, வருஷக்கணக்கில் மெல்ல மாறுபவை. மாறுவதற்குள் எடுத்துவிட்டால் நோயே வராமல் போகலாம். பார்க்கிற கருவியே தடுக்கிற கருவியாகவும் ஆனது.

இழைக்கட்டு இப்போது படம் கடத்துவதில்லை. நுனியில் கேமரா சிப் இருக்கிறது. 2009 இயற்பியல் நோபல், ஒளியிழைக்காக சார்ல்ஸ் காவுக்கும் கேமராவின் சிசிடி சிப்புக்காக பாயில், ஸ்மித் இருவருக்கும் பகிர்ந்து தரப்பட்டது. கபானி பெயர் இல்லை. 2020இல் அவர் இறந்த பிறகு பத்ம விபூஷண் வந்தது.

சரி, அப்பா. இரண்டு நாள் முன்பிருந்து கீரை, விதையுள்ள காய்கனி கிடையாது. முந்தின நாள் இளநீர், வடிகட்டிய ரசத்தெளிவு, பால் இல்லாத டீ மட்டும். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு, பேதிப் பொடி கரைத்த இரண்டு லிட்டர் தண்ணீரில் பாதி. விடிகாலை ஐந்து மணிக்கு மீதி. பாலிஎத்திலீன் கிளைகால் என்ற அந்தப் பொடி உடம்பில் சேராது, தண்ணீரைக் குடலிலேயே பிடித்து வைத்துக் கழுவிக்கொண்டு வந்துவிடும். 1980இல் அமெரிக்காவில் ஃபோர்ட்ரான் குழுவினர் கொண்டுவந்த முறை. அதற்கு முன் நாள்கணக்கில் பட்டினி, பேதி மருந்து, எனிமா. "வெளக்கெண்ணெய விட இது தேவல" என்றார் அப்பா, நாலாவது தம்ளரில். ஆறாவதில் அந்தக் கருத்தை வாபஸ் வாங்கினார். ராத்திரி முழுக்க பாத்ரூம் விளக்கு அணையவில்லை. விடிந்து, மஞ்சள் தண்ணீராக மட்டும் போனபோதுதான் கிளம்பினோம். இந்த ராத்திரிதான் முழுப் பரிசோதனையிலும் கஷ்டமான பகுதி. சரியாகக் கழுவாவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

ஆஸ்பத்திரியில் பின்பக்கம் திறக்கிற அங்கி கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொள்ளத்தான் அப்பா கூச்சப்பட்டார். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கையில் ஊசி போட்டுத் தூங்க வைத்தார்கள். குடல் விரிய காற்று செலுத்துவார்கள். கருவி கடைசி வரை போய், திரும்பி வரும்போதுதான் நிதானமாகப் பார்ப்பார்கள். அறுப்பது குடலுக்கு வலிக்காது. விரிந்தால்தான் வலி. ஓட்டை விழும் ஆபத்து உண்டு, மிகக் குறைவு. அதற்கும் சேர்த்துத்தான் நான் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே உட்கார்ந்திருந்தபோது கேட்டி கூரிக் பற்றிப் படித்தேன். 42 வயதுக் கணவரைக் குடல் புற்றுநோய்க்குக் கொடுத்தவர். 2000இல் தன்னுடைய கொலனோஸ்கோபியை அமெரிக்கத் தொலைக்காட்சியில் காட்டினார். அதன்பிறகு அங்கே பரிசோதனைக்கு வந்தவர்கள் கணிசமாகக் கூடினார்கள் என்று 2003இல் ஆய்வுக்கட்டுரையே வந்தது. நம்மூரில் பேதி என்றாலே வடிவேலு காமெடிதான் ஞாபகம் வரும். நானும் சிரித்தவன்தான்.

நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. அப்பா கண் விழித்து, "எப்ப ஆரம்பிப்பாங்க?" என்றார். ஒரு பெரிய பாலிப்பை எடுத்திருந்தார்கள். பத்து நாள் கழித்து பயாப்சி வந்தது. உள்ளே புற்றுநோய் தொடங்கியிருந்தது, அறுத்த விளிம்பு சுத்தமாக இருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா வயித்தத் தொறந்திருக்கணும்" என்ற டாக்டர், என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்ன வயசு?" என்றார். முப்பத்தேழு. "நாப்பதுல வந்துருங்க. எதாவது ரத்தம் கித்தம் பாத்தா அதுவரைக்கும் காத்திருக்காதீங்க."

ரிப்போர்ட்டில் கலர் படங்கள் இருந்தன. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "கெணத்து ஒற மாதிரில்ல அடுக்கடுக்கா இருக்கு" என்றார். இப்போது அதைப் பீரோவில் ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார். வாக்கிங் கூட்டாளி ஒருவர் வீட்டுக்கு வந்து, தனக்கும் கொஞ்ச நாளாகச் சூடு என்று இழுத்தபோது, அப்பா எழுந்துபோய் அந்த ஃபைலை எடுத்து வந்தார். அம்மா அவசரமாக ஜன்னலைச் சாத்தினாள்.