பெருச்சாளியும் பெருச்சாழியும்

தெலுங்கில் பந்திகொக்கு என்றால் பன்றியெலி. 1873இல் ஜான் எட்வர்ட் கிரே அச்சொல்லின் திரிபையே பேரினப் பெயராக்கினார்: பண்டிகோட்டா. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களில் அது தமிழருக்குப் பெருச்சாளி, மலையாளிகளுக்குப் பெருச்சாழி. 1956இல் வரைந்த மாநில எல்லை அதன் வளைக்குத் தெரியாது.

1911இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் தொடங்கிய பாலூட்டிகள் கணக்கெடுப்புக்குத் தோலும் மண்டையோடுமே போதுமாயிருந்தன. 1957இல் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்தபின், நோயைத் தேடிய புணே வைரஸ் ஆய்வு மையத்தார்க்கு உயிருள்ள எலிகள் வேண்டியிருந்தன. உடல் குளிர்ந்தால் உண்ணி கழன்றுவிடுமே!

காதில் எண்தகடு பூட்டி விடுவிக்கும் முறையில் கணக்கு எளிது: 40 எலிகளுக்குத் தகடிட்டு, மறுமுறை அகப்பட்ட 30இல் 10 தகடுடையவை எனில், மொத்தம் ஏறத்தாழ 120. பொறியை எந்த வரப்பில் வைப்பது என்பதை மட்டும் வளையறிந்த உழவரே சொல்ல வேண்டும். களப்படிவத்தில் அவர் சொல்லும் பெயருக்கும், ளகரமோ ழகரமோ கேட்டபடியே எழுத, ஒரு கட்டம் வேண்டும்.