கடல் இல்லாத ஊரில் கடல் படிப்பு

போன மாதம் என் தங்கை பேரன் போன் செய்தான். பிளஸ் டூ முடித்திருக்கிறான். "தாத்தா, மரைன் பயாலஜி டிகிரி மதுரையில எந்தக் காலேஜ்ல இருக்கு? நீங்க ஜுவாலஜிதான, சொல்லுங்க" என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 1971-ல் நானும் இதே கேள்வியோடு எங்கள் பேராசிரியர் முன்னால் நின்றிருக்கிறேன். அவர் சிரித்துவிட்டு, "முதல்ல ஜுவாலஜி படிடா. கடல் எங்கேயும் போயிடாது" என்றார். கடல் போகவில்லைதான். அதற்குள் இருந்தவற்றைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

எங்கள் காலத்தில் கடல் உயிரியல் என்று தனியாக ஓர் இளநிலைப் பட்டம் நம் பக்கம் கிடையாது. ஆனால் பி.எஸ்ஸி. விலங்கியல் பாடத்தை இப்போது நினைத்துப் பார்த்தால் பெரும்பகுதி கடல்தான். கடற்பஞ்சு, சொறிமீன், நட்சத்திர மீன், கடல் அட்டை, கணவாய், ஆம்பியாக்சஸ், கடைசியில் சுறா. வைகையில் வெறும் மணல் தெரியும் சித்திரை மாதத்தில், நாங்கள் நட்சத்திர மீனின் நீர்க்குழல் மண்டலத்தை ரெக்கார்டு நோட்டில் வரைந்துகொண்டிருப்போம். ஏகாம்பரநாத அய்யரும் அனந்தகிருஷ்ணனும் எழுதிய தடிப் புத்தகம்தான் வேதம். வகுப்பில் பாதிப் பேர் அதுவரை கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள்.

கடல் எங்களிடம் வந்தது ஃபார்மலின் ஜாடியில். அந்த ஜாடிகளில் பல மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவிலிருந்து வந்தவை. பாம்பனுக்குப் பக்கத்தில் கிடக்கும் இந்தச் சின்னத் தீவுக்கு உயிரியல் உலகில் பெரிய பெயர். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் எழுதினாரே எட்கர் தர்ஸ்டன், அவர் அதற்கு முன்பே, சென்னை அருங்காட்சியகத் தலைவராக இருந்தபோது, இந்தக் கடலின் முத்தையும் சங்கையும் உயிரினங்களையும் பற்றி 1890-ல் எழுதியிருக்கிறார். பிறகு ஜேம்ஸ் ஹார்னெல் வந்தார். இலங்கை முத்துக்குளிப்பை ஆராய ஹெர்ட்மனுடன் 1902-ல் வந்தவர், சென்னை மாகாண மீன்வளத் துறையில் சேர்ந்து அதன் இயக்குநராகவே ஆகிவிட்டார். 1927-ல் சென்னை அருங்காட்சியகம் குருசடைத் தீவின் கரையோர உயிர்களுக்கென்றே ஒரு தொகுதி வெளியிட்டது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் 1872-லேயே ஆன்டன் டோர்ன் கடற்கரையில் ஆய்வு நிலையம் கட்டி, பல்கலைக்கழகங்களுக்கு அதில் மேசைகளை வாடகைக்கு விட்டார். நமக்கு அந்த மாதிரி இடம் குருசடைதான். என்ன, மேசைக்குப் பதில் மணல்.

சுதந்திரம் வந்த ஆண்டில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சென்னையில் தொடங்கி, 1949-ல் மண்டபம் கேம்ப்புக்கு வந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களை நிறுத்திவைத்து மருத்துவச் சோதனை செய்த அதே கேம்ப்தான். இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவின் கடல் மீன் ஆராய்ச்சிக்குத் தலைமையிடம் மதுரையிலிருந்து மூன்று, நான்கு மணி நேர ரயில் தூரத்தில் இருந்தது. இங்கே இயக்குநராக இருந்த என்.கே. பணிக்கர்தான் பின்னால் 1966-ல் தேசியக் கடலியல் நிறுவனத்தின் முதல் இயக்குநர் ஆனார். 1971-ல் தலைமையகம் கொச்சிக்குப் போய்விட்டது. மண்டபத்தில் கிளை நிலையம் இருந்தது. இருந்தாலும் வீட்டுப் பெரியவர் ஊரை விட்டுப் போன மாதிரி என்று அங்கே ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது.

நாங்கள் ஸ்டடி டூர் போனது அதற்கு அடுத்த வருடம். மீட்டர் கேஜ் பாசஞ்சரில் போய் இறங்கி, பாம்பன் பக்கம் ஒரு வள்ளத்தில் ஏறினோம். 24 பேரில் பாதிப் பேர் ஏறியதும் வாந்தி. தீவில் நீர் வற்றியிருந்த நேரம். கணுக்கால் தண்ணீரில் பவளப் பாறை, கல்லைப் புரட்டினால் நண்டு, முள்ளெலி, நாங்கள் படமாக மட்டுமே பார்த்த அத்தனையும் உயிரோடு, நிறத்தோடு. ஜாடியில் சாம்பல் பூத்துக் கிடந்த நட்சத்திர மீன் அங்கே செக்கச்செவேலென்று கிடந்தது. அதைப் பார்த்ததும் ஒரு பையன் "சார், இது வேற மீனா?" என்று கேட்டான்.

பாலனோகிளாசஸ் இனத்துப் புழுதான் குருசடையின் புகழ். முதுகெலும்பற்றவைக்கும் முதுகெலும்புள்ளவைக்கும் நடுவே நிற்கும் உயிர் என்று பாடத்தில் படித்தோமே, அதன் உறவான டைகோடெரா. வள்ளக்காரர் பெரியவர் மணலைக் கையால் கிளறி எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரி அயோடோஃபார்ம் வாசனை அடித்தது. "இந்தப் புழுவுக்காகத்தான் எல்லா ஊருப் பிள்ளைகளும் வருதுக. வருசா வருசம் அள்ளிட்டுப் போகுதுக. முன்னெல்லாம் இம்புட்டுத் தேட வேண்டியதில்லை" என்றார். நாங்கள் கேட்டுக்கொண்டே அள்ளினோம். ஆளுக்கு ஒரு பை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிறகு ஆசிரியராகி நானே மாணவர்களை அழைத்துப் போனபோதும் அப்படித்தான் செய்தேன்.

நாங்கள் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப் பாறையை வெட்டி எடுத்தது அதைவிடப் பெரிய கொள்ளை. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்று இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன. மீதி 21 தீவுகளையும் சேர்த்து 1986-ல் கடல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அதன் பிறகு அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூடப் புரட்ட முடியாது. 2001-ல் பவளமும் கடற்குதிரையும் கடல் அட்டையும் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தன. 2002-ல் பாக் நீரிணையில் பவளம் வெளுத்துப் போனதை ஆராய்ந்து எழுதியவர்கள் நம் காமராசர் பல்கலைக்கழகத்துக்காரர்கள். 2014-ல் கல்லூரிகளில் விலங்கு அறுவையே வேண்டாம் என்று மானியக் குழு சொல்லிவிட்டது. இப்போது பிள்ளைகள் சுறாவைக் கம்ப்யூட்டரில் அறுக்கிறார்கள். எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் உயிருள்ள கடலைக் காட்டாமல் விட்டால் அது எங்கள் ஜாடியை விட மோசம்.

ஜுவாலஜி படித்தால் கடலை விட்டுவிட வேண்டுமா என்று கேட்டால், எம்.கே. சந்திரசேகரனைத்தான் சொல்வேன். சென்னைக் கடற்கரை மணலில் புதைந்து வாழும் எமெரிட்டா நண்டை ஆராய்ந்தவர். அலையே இல்லாத ஆய்வகத் தொட்டியிலும் அது ஓதம் ஏறி இறங்கும் கணக்குப்படியே நடமாடியது என்று காட்டினார். அந்த உயிர்க் கடிகாரத்தைத் தேடிக்கொண்டே மதுரைக்கு வந்தவர், கீழக்குயில்குடி சமணர் மலைக் குகையில் வெளவாலை ஆராய்ந்தார். நண்டில் தொடங்கிய கேள்வி நம் நாகமலைப் பக்கத்தில் வந்து நின்றது.

பேரனிடம் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பட்டம்தான் வேண்டும் என்றால் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி இருக்கிறது. 1977-ல் தொடங்கியது, நான்கு வருடம். ஆனால் அது மீன்வளம், மீன் வளர்ப்பும் பிடிப்பும் பதப்படுத்தலும் சேர்ந்த படிப்பு. கடல் உயிரியல் என்றால் வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டைதான். ஆர்.வி. சேஷய்யா வளர்த்த அண்ணாமலைப் பல்கலைக்கழக நிலையம், 1963-ல் மானியக் குழுவின் உயராய்வு மையமானது. எங்கள் காலத்தில் விலங்கியல் முடித்துவிட்டு எம்.எஸ்ஸி.க்கு அங்கே போவார்கள். என் வகுப்பில் இருவர் போனார்கள். எனக்கு அப்பா அனுப்பவில்லை, வேலைக்குப் போகச் சொன்னார்.

"நீச்சல் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாதாம். முதலில் அதைக் கற்றுக்கொள் என்றேன். தங்கை மகளுக்குத் தூத்துக்குடி என்றால் சம்மதம், பரங்கிப்பேட்டை தூரமாம். அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. அடுத்த மாதம் இரண்டு பேரும் குந்துகால் வரை போய் வருவதாக இருக்கிறோம். பை எதுவும் கொண்டுபோகப் போவதில்லை.