அப்பச்சட்டியும் அடுக்களைக் கலங்களும்

ஒரு குடும்பத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் அதன் பெட்டகத்தைத் திறந்து பார்ப்பர். அடுக்களையை எட்டிப் பார்ப்போர் சிலரே. ஆயினும், பெட்டகத்துப் பொன் கைமாறிப் போகும். அடுப்பின்மேல் நாள்தோறும் ஏறி இறங்கும் சட்டியோ, அவ்வீட்டாரின் உணவையும் வருவாயையும் அவர் பட்ட இடரையும் ஒருங்கே எடுத்துக்கூறும். வன்னிப் பெருநிலத்திலே, பரந்தனுக்குக் கிழக்கே, கடல்நீரேரியை அடுத்து வயல்கள் சூழக் கிடக்கும் கண்டாவளைப் பகுதியின் அடுக்களைகளுக்கும் அத்தகையதொரு வரலாறு உண்டு.

அவ்வரலாறு மண்ணிலே தொடங்குகின்றது. அதே மாவட்டத்தைச் சேர்ந்த பூநகரி வட்டாரத்தில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் நடத்திய ஆய்வு, கறுப்புச் சிவப்பு மட்கலங்கள் அங்கு வழங்கியதைக் காட்டிற்று. 1993இல் அது நூலாகவும் வெளிவந்தது. அக்கலங்களின் உட்புறம் கறுத்தும் வெளிப்புறம் சிவந்தும் இருப்பதற்குக் காரணம், சூளையிலே அவற்றைக் கவிழ்த்து வைத்துச் சுட்டமையே என்பர். காற்றுப் படாத உட்புறம் கறுக்கும். காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கும். மண்ணின் தன்மையையும் நெருப்பின் போக்கையும் நன்கறிந்தவரே அவ்வாறு சுடவியலும். அந்த மட்கலத்தின் மதிப்பு இன்றும் முற்றாக அழிந்துவிடவில்லை. புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோவிலிலே பங்குனி உத்தரத்தையொட்டிப் பொங்குவோர் புதுப்பானையை நாடுதல் அதற்குச் சான்றாகும்.

பானை அவிப்பதற்கு உரியது. சட்டியும் ஓடும் சுடுவதற்கு உரியவை. சுடும் தொழில் தமிழர்க்குப் புதியதன்று. சங்க நூலாகிய பெரும்பாணாற்றுப்படை, அப்பம் சுடும் கூவியரைப் பற்றியும் அவர்தம் கரிய அகலைப் பற்றியும் பேசுகின்றது. நாள்தோறும் எண்ணெயும் புகையும் ஏறிய கலம் கரியதாகத்தானே இருக்கும்! அக்கருமையைக் குறையென்று கருதுதல் தவறு. பழகிய சட்டியிலே மா ஒட்டாது.

நம் பாட்டிமார் மண்சட்டியை வாங்கும் முறையே ஒரு தேர்வுமுறையாகும். விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பர். கணீரென்று ஒலித்தால் நன்கு வெந்த சட்டி. மந்தமாக ஒலித்தால் கீறலோ வேக்காட்டுக் குறையோ உண்டென்று ஒதுக்குவர். வாங்கியதை உடனே அடுப்பில் ஏற்றுவதுமில்லை. தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி காய்ச்சி, எண்ணெய் தடவிப் பழக்கிய பின்னரே அதில் அப்பம் சுடுவர்.

அடுத்து வந்தது போர்த்துக்கேயர் காலம். 1619இல் யாழ்ப்பாண அரசு அவர்கள் வசமாயிற்று. அவர்தம் ஆட்சி நீங்கிப் பல நூற்றாண்டுகள் கழிந்தும், பாண், போறணை, குசினி, தாச்சி என்னும் சொற்கள் நம் நாவிலே நிலைத்துவிட்டன. எனினும், போறணை வெதுப்பகத்தோடு நின்றது, வீட்டுக்குள் வரவில்லை. வீட்டுப் பெண்கள் அக்குறையைத் தம் கைத்திறத்தால் நிரப்பினர். மூடிய சட்டியின் கீழே தணல், மூடியின் மேலும் சிரட்டைத் தணல் என இருபுறமும் சூடு கொடுத்து அப்பத்தையும் கேக்கையும் வேகவைத்தனர். அதற்குத் தடித்த அடியும் இறுகப் பொருந்தும் மூடியும் வேண்டும். மெல்லிய தகட்டிலே அடி கருகும். நடு வேகாது நிற்கும்.

1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து இலங்கைக்கு வந்த அரிசி நின்றது. கோதுமை மா வீடுதோறும் புகுந்தது. நெல் விளையும் வன்னியிலும் ரொட்டி சுடும் கல்லுக்கு மதிப்பு உயர்ந்தது.

இதற்கிடையே உலோகங்களின் கதையும் வளர்ந்தது. செம்பும் பித்தளையும் நெடுநாள் உழைப்பவை. ஆனால் புளிப்புப் பட்டால் களிம்பு ஊறுமாதலால் உட்புறத்திலே ஈயம் பூசுதல் வேண்டும். 1886இல் அலுமினியத்தை மின்சாரத்தால் மலிவாகப் பிரித்தெடுக்கும் வழி கண்டறியப்பட்டது. 1898இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியிலே ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்வதைத் தொடங்கிவைத்தார். கனமற்றது, மலிவானது, விரைவில் சூடேறுவது என்பதால் அது ஊரெங்கும் பரவிற்று. 1913இல் இங்கிலாந்தின் செபீல்ட் நகரிலே ஹரி பிரியர்லி உருவாக்கிய துருப்பிடியா உருக்கின் வழிவந்ததே நாம் எவர்சில்வர் என்பது. கறை படியாமையும் புளிப்புக்கு அஞ்சாமையும் அதன் சிறப்பு. சூட்டைச் சீராகப் பரப்பாமை அதன் குறை.

இவ்வாறு சேர்ந்த கலங்களெல்லாம் ஒரு காலத்திலே ஒருங்கே பறிபோயின. 2009 சனவரியில் கிளிநொச்சி நகரம் போரிலே வீழ்ந்தது. பரந்தன் முல்லைத்தீவு வீதி வழியே, முரசுமோட்டையையும் தருமபுரத்தையும் கடந்து, மக்கள் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர். கையிலும் தலையிலும் கொள்ளுமளவே உடன் போயிற்று. அம்மி, ஆட்டுக்கல், கனத்த தோசைக்கல் முதலியவற்றை யார் சுமப்பார்? அவ்வாண்டு மேயில் போர் முடிந்து, பின்னர் மீளக் குடியேறிய குடும்பங்கள் அடுப்புக் கல்லிலிருந்தே வாழ்வைத் தொடங்கவேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பழக்கிய அப்பச்சட்டியை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாதன்றோ?

ஆதலால், குறைந்த பணத்தோடு கடைப்படி ஏறும் இல்லத்தரசிக்குப் பழைய தேர்வுமுறை இன்றும் துணையாகும். பளபளப்பை நோக்காது கனத்தை நோக்குக. தட்டையான தட்டை இரு கையாலும் பிடித்து வளைத்துப் பார்க்க; எளிதில் நெளிவது அடுப்பிலும் நெளியும். தோசைக்கல்லுக்கும் அப்பச்சட்டிக்கும் வார்ப்பிரும்பு சிறந்தது. அது கீழே விழுந்தால் உடையும், ஈரத்தோடு விட்டால் துருப்பிடிக்கும். கழுவித் துடைத்து எண்ணெய் தடவி வைத்தால் பேரப்பிள்ளை காலம் வரை உழைக்கும். புளி சேர்ந்த கறிக்கு மண்சட்டியோ எவர்சில்வரோ ஏற்றது. ஒட்டாப் பூச்சுடைய சட்டியை வெறுமையாகக் கடுந்தீயில் வைத்தலாகாது. பூச்சு உரிந்தபின் அதனால் பயனில்லை. கேக் தட்டிலே கருநிறமுடையது விரைவில் சிவக்கச் செய்யும். வெளிர்நிறமுடையது மெல்லச் சுடும்.

மலிவாகக் கிடைத்த மெல்லிய சட்டியை மூன்று முறை வாங்குபவர், நல்ல சட்டியை ஒருமுறை வாங்குபவரைவிட அதிகம் செலவிடுகின்றார். எல்லாவற்றையும் இழந்து மீண்டவர்க்கு இது வெறும் சிக்கனமன்று. நிலைத்து உழைக்கும் ஒரு கலத்தை வாங்குதல், இவ்வூரில் இனி நிலைத்து வாழ்வோம் என்னும் நம்பிக்கையின் அடையாளமாகும். கண்டாவளையின் அடுக்களைகளிலே இன்று பழகிவரும் சட்டிகள், நாளை பேத்திமாரின் கையிலே கரிய அகல்களாக விளங்கும்.