நைல் நதியின் கணக்கு

மழை அரிதான எகிப்து நாட்டிற்கு நைல் நதியே மழை. அந்நதி ஓராண்டில் எவ்வளவு நீரைக் கொண்டுவரும் என்பதை முன்னறிய இயலாமையே அந்நாட்டாரின் பழம்பெருங் கவலை. கெய்ரோ நகரை அடுத்த றோடாத் தீவிலே, கி. பி. 861ஆம் ஆண்டில், ஒரு கிணற்றின் நடுவே கற்றூண் நிறுத்தி, அதில் முழக்கணக்கைப் பொறித்து, வெள்ளத்தின் உயரத்தை அளந்தனர். பதினாறு முழம் ஏறினால் விளைச்சல் உண்டு. ஆகவே வரியும் உண்டு. வரி தண்டுவோருக்கு வேண்டியிருந்தமையாற்றான் இத்துணைக் கருத்தாகக் குறித்து வைத்தனர் போலும்! இதற்கு முற்பட்ட அளவைகளையும் சேர்த்து, 622 தொடக்கம் 1284 வரை பெரும்பாலும் இடையறாத குறிப்புகள் எஞ்சியுள்ளன.

இந்தப் பழங்கணக்கைப் பயன்படுத்தியவர் ஹரோல்ட் எட்வின் ஹேர்ஸ்ட் என்னும் ஆங்கிலேயர். 1906ஆம் ஆண்டில் எகிப்து அரசின் பணிக்கு வந்த அவர், அறுபதாண்டளவு அந்நதியின் ஆராய்ச்சியிலேயே கழித்தார். நடு ஆபிரிக்க ஏரிகளிலிருந்து வரும் வெண்ணைலின் நீரிற் பாதியளவு தென் சூடானின் சதுப்பு நிலத்தில் ஆவியாகி மறைகின்றது. அஸ்வானை அடையும் நீரின் பெரும்பகுதியைத் தருவது எதியோப்பிய மலைநாடே. இத்தகைய வரவு செலவுகளை அவரும் உடனுழைத்தோரும் பல தொகுதிகளாக வெளியிட்டனர்.

அவரை வாட்டிய வினா ஒன்றுண்டு. நல்லாண்டுகளில் மிகுவதைச் சேர்த்துத் தீயாண்டுகளில் வழங்கி, நூறாண்டுக் காலம் ஒரே சீராக நீர் கொடுப்பதாயின், நீர்த்தேக்கம் எத்துணைப் பெரிதாக இருத்தல் வேண்டும்? நாணயத்தைச் சுண்டினாற்போல ஆண்டுகள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி வருமாயின் கணக்கு எளிது: காலம் நான்கு மடங்கானால் தேக்கம் இரு மடங்கானாற் போதும். நைலோ இதற்கு அடங்கவில்லை. ஹேர்ஸ்ட் கண்ட விதியின்படி, ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு வேண்டியிருந்தது. மழையளவு, மரவளையம், ஏரிச் சேற்றுப் படிவு ஆகியவற்றின் நெடுங்கணக்குகளும் அவ்வாறே காட்டின. வளமான ஆண்டுகள் கூட்டமாக வருகின்றன. வறண்ட ஆண்டுகளும் கூட்டமாகவே வருகின்றன.

கணிப்பொறி கைக்கு எட்டாத அக்காலத்தில், எண்கள் எழுதிய 52 சீட்டுகளைக் கலைத்து எடுத்து, ஹேர்ஸ்ட் பொய்யான ஆண்டுகளைப் படைத்துப் பார்த்தார். கட்டிற் சில உயர்ந்த சீட்டுகளை மிகுத்து, 'ஜோக்கர்' வரும்வரை எடுத்து, பின் கட்டை மாற்றியபோது, நைலின் இயல்பு சீட்டுகளிலே தோன்றியது. சீட்டாட்டம் இதனினும் பயனுள்ள வேலை செய்ததுண்டோ? அவரது கட்டுரை 1951ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடிசார் பொறியியலாளர் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. 1968ஆம் ஆண்டில் மண்டல்புரோ, வாலிஸ் எனும் இருவர், ஏழு செழித்த ஆண்டும் ஏழு பஞ்ச ஆண்டும் கூறும் விவிலியக் கதையை நினைந்து, இவ்வியல்புக்கு யோசேப்பின் பெயரையே சூட்டினர்.

ஆவியாதல் குறையுமாறு மேல்நாட்டு ஏரிகளிலேயே நீரைத் தேக்குக என்பது ஹேர்ஸ்டும் துணைவரும் வகுத்த திட்டம். ஆயின் பிற நாடுகளின் எல்லைக்குள் தன் உயிர்நீரை வைக்க எகிப்து இசையவில்லை. 1960இல் அஸ்வான் உயரணையைத் தொடங்கி, 1970இல் முடித்தது. அதன் முழுக் கொள்ளளவு ஏறக்குறைய 16,200 கோடி கன மீற்றர். நதியின் ஈராண்டு வரவு எனலாம்.

முந்திய 1959ஆம் ஆண்டு உடன்படிக்கை, நதியின் சராசரி வரவை 8,400 கோடி கன மீற்றர் எனக்கொண்டு, எகிப்துக்கு 5,550, சூடானுக்கு 1,850, ஆவியாதலுக்கு 1,000 எனப் பங்கிட்டது. அச்சராசரி 1900இற்குப் பிற்பட்ட ஆண்டுகளுக்குரியது. 1870 முதல் 1899 வரை கணக்கிட்டால் ஏறத்தாழ 11,000 கோடி வரும். எந்த முப்பதாண்டை எடுப்பது என்பதே பங்கின் அளவை மாற்றிவிடக் கூடியதாயிருந்தது.

1980களில் வறண்ட ஆண்டுகள் கூட்டமாகவே வந்தன. 1988 யூலையில் அணையின் நீர்மட்டம், மின்பொறிகள் நின்றுவிடுமோ என்று அஞ்சுமளவிற்குத் தாழ்ந்தது. அவ்வாண்டே எதியோப்பியாவிற் பெருமழை பெய்தது. தேக்கம் மீண்டும் உயர்ந்தது. நீரின் பெரும்பகுதியைத் தரும் அந்நாட்டுக்கு 1959ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இடமிருக்கவில்லை. 2011ஆம் ஆண்டில் அது நீல நைலின் குறுக்கே தனது பேரணையைக் கட்டத் தொடங்கியது.